லாரியின் பெயர் ஒன்று, எஞ்சினின் பிறப்பிடம் வேறு: டீசல் எஞ்சின் கூட்டணிகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியாவில் கனரக லாரி வாங்குபவர்களும், லாரித் தொழிலைக் கவனித்து வருபவர்களும் வழக்கமாக எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. பேச்சு முக்கியமாக இந்திய நிறுவனங்களைப் பற்றியது. ஒரு முடிவு ஏன் அப்படி எடுக்கப்பட்டது என்பதை விளக்குவதற்குத் தேவைப்படும் இடங்களில் அமெரிக்க, ஐரோப்பிய நிகழ்வுகளும் சேர்க்கப்பட்டுள்ளன.

லாரி தயாரிக்கும் நிறுவனம் தன் எஞ்சினைத் தானே செய்துகொள்ள முடியாதா?

முடியும். பலர் செய்கிறார்கள். ஆனால் லாரியின் மற்றப் பாகங்கள் எதற்கும் இல்லாத ஒரு தொல்லை எஞ்சினுக்கு உண்டு. அடிச்சட்டத்தையும் அச்சையும் ஒருமுறை நன்றாக வடிவமைத்துவிட்டால் சிறு திருத்தங்களோடு இருபது ஆண்டுகள் ஓட்டிவிடலாம். எஞ்சினையோ அரசின் புகை விதி மாறும்போதெல்லாம் மீண்டும் உருவாக்கி, சோதித்து, சான்று பெற்றாக வேண்டும். இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 விதி 2017 ஏப்ரல் 1 அன்று நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது; ஐந்தாம் கட்டத்தைத் தாண்டி, 2020 ஏப்ரல் 1 அன்று பாரத் ஸ்டேஜ் 6 வந்துவிட்டது. கனரக எஞ்சின் வெளியிடும் நைட்ரஜன் ஆக்சைடின் வரம்பு கிலோவாட் மணிக்கு 3.5 கிராமிலிருந்து அரை கிராமுக்கும் கீழே இறங்கியது. மூன்றே ஆண்டுகளில் இந்தத் தூரத்தைக் கடப்பதற்கான ஆய்வுச் செலவு, ஆண்டுக்குப் பத்தாயிரம் எஞ்சின் செய்பவருக்கும் ஒரு லட்சம் எஞ்சின் செய்பவருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். அந்தச் செலவை அதிக எஞ்சின்கள்மீது பரப்ப வழி தேடுபவர்களே கூட்டணிக்குக் கை நீட்டுகிறார்கள்.

எத்தனை வகையான ஏற்பாடுகள் உள்ளன?

வெளியிலிருந்து பார்த்தால் எல்லாமே ‘தொழில்நுட்பக் கூட்டு’ என்றுதான் விளம்பரத்தில் வரும். உள்ளே நான்கு வேறு உறவுகள் இருக்கின்றன: வெளிநாட்டு வரைபடத்துக்கு உரிமம் பெற்று இங்கே செய்வது, இருவரும் பணம் போட்டு எஞ்சினுக்கென்றே கூட்டு நிறுவனம் அமைப்பது, தனி எஞ்சின் நிறுவனத்திடமிருந்து விலைக்கு வாங்குவது, ஒரே குழுமத்தின் வேறு கிளையிடமிருந்து பெறுவது. எது சிறந்தது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. ஆனால் எந்த ஏற்பாட்டைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: உறவு முறிந்தால் வரைபடமும், வார்ப்பு அச்சுகளும், மேம்படுத்தும் உரிமையும் யாரிடம் தங்கும்? இதற்கான விடை ஒப்பந்தத்தில் தெளிவாக இருந்த இடங்களில் முறிவுகூட அதிக சேதமின்றி முடிந்திருக்கிறது.

டாடா லாரியில் இருப்பது டாடா எஞ்சினா, கம்மின்ஸ் எஞ்சினா?

இரண்டும் உண்டு, இரண்டுக்கும் தனித்தனி வரலாறு உண்டு. டாடா, அப்போது டெல்கோ என்ற பெயரில், 1954-ல் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸுடன் பதினைந்து ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டு ஜாம்ஷெட்பூரில் மெர்சிடிஸ் லாரிகளைச் செய்யத் தொடங்கியது. 1969-ல் ஒப்பந்தம் முடிந்ததும் முகப்பிலிருந்த மூன்று முனை நட்சத்திரம் போய் டாடாவின் சின்னம் வந்தது. எஞ்சின் வரைபடம் போகவில்லை. பட்டறைகளில் இன்றும் ‘அறுநூற்றுத் தொண்ணூற்றேழு’ என்று சொல்லப்படும் டாடா 697 எஞ்சினில் 6 என்பது சிலிண்டர்களின் எண்ணிக்கை, 97 என்பது மில்லிமீட்டரில் சிலிண்டரின் விட்டம். மெர்சிடிஸின் ஓ.எம். 352 எஞ்சினும் 97 மில்லிமீட்டர் விட்டமும் 128 மில்லிமீட்டர் வீச்சும் (பிஸ்டன் நகரும் தூரம்) கொண்ட ஆறு சிலிண்டர் எஞ்சின்தான். நான்கு சிலிண்டர் கொண்ட 497 அதே குடும்பத்தைச் சேர்ந்தது. கூட்டாளி விடைபெற்ற பிறகும் இத்தனை ஆண்டுகள் உழைத்த எஞ்சின் இந்தியாவில் வேறு அதிகமில்லை. டைம்லர் டாடாவில் வைத்திருந்த பங்குகளை விற்று முழுமையாக வெளியேறியது 2010-ல்தான்.

இரண்டாவது உறவு 1993-ல் தொடங்கியது. டாடாவும் அமெரிக்காவின் கம்மின்ஸும் சரிபாதிப் பங்குடன் டாடா கம்மின்ஸ் என்ற நிறுவனத்தை ஜாம்ஷெட்பூரில் அமைத்தன. கம்மின்ஸின் ‘பி’ வரிசை எஞ்சின், அதாவது நான்கு சிலிண்டரில் 3.9 லிட்டரும் ஆறு சிலிண்டரில் 5.9 லிட்டரும் கொண்டது, இப்படித்தான் டாடாவின் கனரக லாரிகளுக்கு வந்தது. டாடா 2518 போன்ற பல அச்சு லாரிகளின் பெயரோடு ‘கம்மின்ஸ்’ என்ற சொல் ஒட்டிக்கொண்டது அப்போதுதான். பின்னர் 5.9 லிட்டர் எஞ்சினின் இடத்துக்கு 6.7 லிட்டர் எஞ்சின் வந்தது. மகாராஷ்டிரத்தின் பல்தானில் இரண்டாவது ஆலையும் எழுந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கூட்டு நீடிப்பதற்குக் காரணம் எளிமையானது. கம்மின்ஸ் லாரி செய்வதில்லை, ஆகவே டாடாவின் சந்தையில் போட்டிக்கு வரப்போவதில்லை. டாடாவோ கம்மின்ஸ் எஞ்சினுக்கு இந்தியாவில் வேறெவராலும் தர முடியாத எண்ணிக்கையைத் தருகிறது.

அசோக் லேலண்டின் எஞ்சின் லேலண்டினுடையதா, ஹினோவினுடையதா?

காலத்தைப் பொறுத்து விடை மாறும். 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று எண்ணூரில் தொடங்கிய நிறுவனம், பிரிட்டனின் லேலண்ட் பங்கேற்ற பிறகு 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. காமெட் லாரிகளில் ஓடியது பிரிட்டிஷ் லேலண்ட் எஞ்சின். 1980-களில் பிரிட்டனில் லேலண்ட் தளர்ந்து கொண்டிருந்தபோது, அங்கிருந்து புதிய எஞ்சின் வரும் என்று காத்திருப்பதில் பொருளில்லாமல் போனது. எண்ணூர் நிறுவனம் ஜப்பானின் ஹினோவிடம் எஞ்சின் உரிமம் பெற்றது அந்தச் சூழலில்தான். அப்போது வந்த ‘எச்’ வரிசை எஞ்சின் அதன்பின் இங்கேயே வளர்க்கப்பட்டது: டர்போ சேர்ந்தது, உயர் அழுத்தத்தில் டீசலைத் தெளிக்கும் காமன் ரெயில் வந்தது, சிலிண்டருக்கு நான்கு வால்வு வந்தது. பாரத் ஸ்டேஜ் 6 காலத்து லாரிகளின் விவரத்தாளிலும் ‘எச் வரிசை’ என்ற பெயரைக் காணலாம். இன்று அதை ஹினோ எஞ்சின் என்பது ஓரளவுக்கே பொருந்தும்.

இடையே வேறொரு கூட்டும் நடந்தது. 1987-ல் இந்துஜா குழுமமும் இத்தாலியின் இவெகோவும் சேர்ந்து, அசோக் லேலண்டில் பிரிட்டிஷ் லேலண்ட் வைத்திருந்த பங்கை வாங்கின. 1990-களில் இவெகோவின் கார்கோ லாரி ஒசூர் ஆலையிலிருந்து வெளிவந்தது. கார்கோவின் கேபின் இந்தியாவில் நெடுங்காலம் நிலைத்தது, ஆனால் அதனுடன் வந்த இவெகோ எஞ்சின் நிலைக்கவில்லை; ஏற்கெனவே கையிலிருந்த ஹினோ வழி எஞ்சினே கார்கோவுக்குள்ளும் நுழைந்தது. பங்குதாரர் தரும் எஞ்சினைவிட, உதிரிபாகக் கடையில் எளிதாகக் கிடைப்பதும் மெக்கானிக்குக்குப் பழகியதுமான எஞ்சினுக்கே சந்தை வாக்களித்தது. 2007-ல் இவெகோ தன் பங்கை இந்துஜாவுக்கு விற்று விலகியது.

பாரத் ஸ்டேஜ் 4 காலத்தில் யூரியாக் கரைசல் தேவைப்படாத எஞ்சின் என்று அசோக் லேலண்ட் சொன்னது என்ன? அதே வழியில் போன அமெரிக்க நிறுவனம் ஏன் சரிந்தது?

நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வெளியேறும் புகையில் ஒரு பகுதியைக் குளிர்வித்து மீண்டும் சிலிண்டருக்குள் விட்டு, எரிப்பு வெப்பத்தையே தணிப்பது, இது ஈ.ஜி.ஆர். எனப்படுகிறது. மற்றொன்று, எஞ்சினைத் தாராளமாக எரியவிட்டு, வெளியே வந்த புகையின்மேல் 32.5 விழுக்காடு யூரியா கலந்த கரைசலைத் தெளித்து வினையூக்கியின் உதவியால் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றுவது, இது எஸ்.சி.ஆர்.

2017-ல் போட்டியாளர்கள் பெரிய எஞ்சின்களுக்கு எஸ்.சி.ஆர். முறையைத் தேர்ந்தபோது, அசோக் லேலண்ட் ‘ஐ-ஈ.ஜி.ஆர்.’ என்ற பெயரில் முதல் வழியைத் தேர்ந்தது. கரைசல் தொட்டி வேண்டாம், வழியில் கரைசல் கிடைக்குமா என்ற கவலை வேண்டாம் என்பது லாரி உரிமையாளர்களிடம் நன்றாகவே எடுபட்டது. அந்த வழி செல்லுபடியானதற்குக் காரணம் அப்போதைய வரம்பு 3.5 கிராமாக இருந்ததுதான். 2020-ல் வரம்பு இறுகியதும் அதே நிறுவனம் ‘மிட்-நாக்ஸ்’ என்ற முறைக்கு மாறியது; ஈ.ஜி.ஆரும் இருக்கும், யூரியாக் கரைசலும் இருக்கும், இரண்டும் அளவாக வேலை செய்யும்.

அமெரிக்காவில் நாவிஸ்டார் இதே வழியை மிகக் கடுமையான விதிக்கு எதிரே பிடித்துக்கொண்டு நின்றது. 2010-ம் ஆண்டு விதியின்படி குதிரைத்திறன் மணிக்கு 0.20 கிராம் நைட்ரஜன் ஆக்சைடுதான் வெளியேறலாம். நாவிஸ்டாரின் மேக்ஸ்ஃபோர்ஸ் எஞ்சின்கள் 0.5 கிராம் அளவிலேயே நின்றன. முந்தைய ஆண்டுகளில் வரம்பைவிடக் குறைவாகப் புகை விட்டதற்காகச் சேமித்த உமிழ்வுக் கணக்கு வரவுகளை வைத்து விற்பனையைத் தொடர்ந்தது. வரவு தீரும் நிலையில் அபராதம் கட்டி விற்க அனுமதித்த இடைக்கால விதியை 2012 ஜூனில் நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்த மாதமே நாவிஸ்டார் எஸ்.சி.ஆருக்கு மாறுவதாக அறிவித்து, தன் பெரிய லாரிகளுக்கு கம்மின்ஸின் 15 லிட்டர் எஞ்சினையும் புகை சுத்திகரிப்புச் சாதனத்தையும் வாங்க ஏற்பாடு செய்தது. ஆகஸ்டில் தலைமை நிர்வாகி டான் உஸ்தியன் பதவி விலகினார். வாங்கியவர்கள் தொடுத்த வழக்குகள் பல ஆண்டுகள் நீண்டன. 2021-ல் ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் டிராட்டன் நிறுவனம் நாவிஸ்டாரை முழுமையாக வாங்கியது; இப்போது அதன் 13 லிட்டர் எஞ்சினுக்கு அடிப்படை, அதே குழுமத்தைச் சேர்ந்த ஸ்கானியாவின் எஞ்சின்.

இரு நிறுவனங்களும் ஒரே பொறியியல் வழியைத்தான் தேர்ந்தன. ஒன்று விதி அனுமதித்த வரை அதைப் பயன்படுத்திவிட்டு நகர்ந்தது. மற்றொன்று விதி தன்னைத் தேடி வரும் என்று எதிர்பார்த்தது. மேக்ஸ்ஃபோர்ஸ் 13 எஞ்சினின் அடிப்படையே ஜெர்மனியின் மான் (MAN) நிறுவனத்திடமிருந்து வந்தது என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். கூட்டாளியிடமிருந்து நல்ல எஞ்சின் கிடைத்தாலும், அதை எந்தச் சுத்திகரிப்பு முறையோடு இணைப்பது என்ற முடிவு தவறினால் எதுவும் உதவாது.

ஐஷர் லாரியில் வால்வோ எஞ்சின் இருக்கிறதா?

கேள்வியைத் திருப்பிப் போட்டால் இன்னும் சுவையான விடை கிடைக்கும்: ஐரோப்பாவின் வால்வோ, ரெனோ லாரிகளில் இந்திய எஞ்சின் இருக்கிறது. 1980-களில் மிட்சுபிஷியின் தொழில்நுட்பத்தோடு மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில் இலகு லாரிகளைச் செய்யத் தொடங்கிய ஐஷர், 2008-ல் ஸ்வீடனின் வால்வோவுடன் கூட்டு நிறுவனம் அமைத்தது. வால்வோ தன் நடுத்தர லாரிகளுக்கான எஞ்சின்களை அதுவரை ஜெர்மனியின் டாய்ட்ஸிடமிருந்து வாங்கிவந்தது. இனி 5 லிட்டர், 8 லிட்டர் எஞ்சின்களை உலகத் தேவைக்காகப் பீதம்பூரிலேயே செய்வது என்று முடிவாகி, 2013-ல் அந்த ஆலை திறக்கப்பட்டது. யூரோ 6 விதிக்கான அடிப்படை எஞ்சின் அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போனபோது இந்தியாவில் நான்காம் கட்ட விதிகூட நாடு முழுவதும் வரவில்லை. பாரத் ஸ்டேஜ் 6-க்கு மாறும் வேலை இந்த நிறுவனத்துக்கு மற்றவர்களைவிட இலகுவாக அமைந்ததில் வியப்பில்லை. இந்தியாவின் எஞ்சின் கூட்டணிகளில் இரு தரப்பும் சமமாகப் பயனடைந்தது இதில்தான் என்பது என் கருத்து.

பாரத்பென்ஸ் எஞ்சின் முழுக்க ஜெர்மானியத் தயாரிப்பா?

இல்லை. டைம்லர் முதலில் 2008-ல் ஹீரோ குழுமத்துடன் 60:40 பங்கில் கூட்டு அமைத்தது. அடுத்த ஆண்டே ஹீரோ விலகியது. டைம்லர் தனியாக ஒரகடத்தில் ஆலை கட்டி 2012-ல் பாரத்பென்ஸ் லாரிகளை அறிமுகப்படுத்தியது. நடுத்தர வகைக்கான 3.9 லிட்டர் 4டி34ஐ எஞ்சின், டைம்லரின் ஜப்பானியக் கிளையான ஃபூசோவுடையது. பெரிய வகைகளின் எஞ்சின் மெர்சிடிஸ் வழி வந்தது. இரண்டும் இங்கேயே பொருத்தப்படுகின்றன.

கூட்டணி முறிந்துவிட்டால் ஏற்கெனவே லாரி வாங்கியவர் என்ன ஆவார்?

இதுதான் வாங்குபவரின் உண்மையான கவலை. நடந்தவற்றைப் பார்த்தால் அச்சம் எல்லா இடத்திலும் நியாயமானதாக இல்லை.

மகிந்திராவும் நாவிஸ்டாரும் 2005-ல் லாரிக்காகவும் பிறகு எஞ்சினுக்காகவும் கூட்டு அமைத்தன, மகாராஷ்டிரத்தின் சாகனில் 7.2 லிட்டர் மேக்ஸ்ஃபோர்ஸ் எஞ்சின் செய்யப்பட்டது. தாய்நாட்டில் நெருக்கடி முற்றியிருந்த நாவிஸ்டார், 2012 இறுதியில் தன் பங்கை மகிந்திராவுக்கே விற்பதாக அறிவித்தது. எஞ்சினைச் செய்யும் உரிமை மகிந்திராவிடம் தங்கியதால், அதே 7.2 லிட்டர் எஞ்சின் ‘எம்-பவர்’ என்ற பெயரில் தொடர்ந்து, 2016-ல் வந்த பிளேஸோ லாரிகளிலும் ஓடியது. அசோக் லேலண்டும் நிஸானும் சேர்ந்து 2011-ல் கொண்டுவந்த தோஸ்த் சிறு லாரியும் அப்படியே. கூட்டு கசப்போடு 2016-ல் முடிந்து, நிஸானின் பங்குகள் அடையாளத் தொகைக்குக் கைமாறிய பிறகும், மூன்று சிலிண்டர் 1.5 லிட்டர் எஞ்சினோடு தோஸ்த் விற்பனை நிற்கவில்லை.

மான் கதை வேறு விதம். 2006-ல் ஃபோர்ஸ் நிறுவனத்தோடு பீதம்பூரில் தொடங்கிய கூட்டை, பின்னர் மான் முழுமையாகத் தன் வசமாக்கிக்கொண்டது. 2018-ல் இந்திய உற்பத்தியை மூடுவதாக அறிவித்தபோது, எஞ்சினை எடுத்து நடத்த உள்ளூர்க் கூட்டாளி எவரும் மிச்சமில்லை. கூட்டாளி விலகுவதைவிட, கூட்டாளியே இல்லாமல் ஒரு வெளிநாட்டு நிறுவனம் விலகுவது வாங்கியவருக்கு அதிகச் சிரமம் தரும் என்பதற்கு இதைவிட நேரான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. குஜராத்தின் பூஜில் லாரி செய்த ஏ.எம்.டபிள்யூ. நொடித்துப்போனபோது அதன் டிப்பர்களில் கம்மின்ஸ் எஞ்சின் இருந்தது. கேபின் கதவுக்கும் கண்ணாடிக்கும் அலைய நேர்ந்தவர்கள்கூட எஞ்சின் வேலைக்குத் திண்டாட வேண்டியிருக்கவில்லை.

கம்மின்ஸ் ஒன்றோடொன்று போட்டியிடும் நிறுவனங்களுக்கெல்லாம் எப்படி எஞ்சின் விற்கிறது?

லாரி செய்யாததால்தான். இந்த நடுநிலையைக் காப்பது கடினம் என்பதற்கு கேட்டர்பில்லர் சாட்சி. நெடுஞ்சாலை லாரிகளுக்கு எஞ்சின் தந்துவந்த அந்த நிறுவனம், 2010 விதிக்கு எஞ்சின் உருவாக்கப் போவதில்லை என்று 2008-ல் அறிவித்து ஒதுங்கியது. அதன்பின் அமெரிக்கப் பெரிய லாரிகளுக்கு எஞ்சின் தரும் தனி நிறுவனமாக கம்மின்ஸ் மட்டுமே எஞ்சியது. 2021-ல் டைம்லரே தன் நடுத்தர எஞ்சின்களில் மேற்கொண்டு முதலீடு செய்வதை நிறுத்திவிட்டு, கம்மின்ஸிடமிருந்து வாங்குவதாக ஒப்பந்தம் செய்தது. டீசலுக்கு இன்னும் எத்தனை ஆண்டுகள் இருக்கின்றன என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள், பணத்தை மின்சார லாரியில் போடுவதும் டீசலை வெளியில் வாங்குவதும் மேல் என்று முடிவு செய்கிறார்கள்.

வாங்குபவருக்கும் விற்பவருக்கும் உறவு கெட்டால் எப்படியிருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். ஃபோர்டின் பெரிய பிக்கப் வண்டிகளுக்கு டீசல் எஞ்சின் தந்தது நாவிஸ்டார். 6.0 லிட்டர் எஞ்சினின் உத்தரவாதச் செலவை யார் ஏற்பது என்ற சண்டை 2007-ல் நீதிமன்றம் ஏறியது. நடுவே எஞ்சின் அனுப்புவதே சிறிது காலம் நின்றது. 2009-ல் சமரசம் ஏற்பட்டது. ஃபோர்டு 2011-ம் ஆண்டு மாடலிலிருந்து தன் சொந்த 6.7 லிட்டர் எஞ்சினுக்கு மாறிவிட்டது.

ஒரே எஞ்சின் இரண்டு நிறுவனங்களின் லாரியில் இருந்தால் மைலேஜும் ஒன்றாக இருக்குமா?

இருக்க வேண்டியதில்லை. வார்ப்பும் கிராங்கும் ஒன்றாக இருந்தாலும், கட்டுப்பாட்டுக் கணினியில் பதியப்படும் அளவீடுகள், டர்போ, கியர் விகிதம், பின் அச்சின் விகிதம், டயரின் சுற்றளவு ஆகியவை வேறுபடும். எஞ்சின் பெயரைக் கேட்டு மைலேஜைக் கணிப்பதைவிட, நீங்கள் ஏற்றும் பாரத்தோடு அதே வழித்தடத்தில் ஓடும் லாரியின் டீசல் கணக்கைக் கேட்பது பயன் தரும்.

எஞ்சினுக்குள் இருக்கும் பாகங்களை யார் செய்கிறார்கள்?

எஞ்சின் யாருடையது என்று எவ்வளவு வாதிட்டாலும், டீசல் பம்பும் நாசிலும் பெரும்பாலும் ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தினுடையவை. பழைய மெக்கானிக்குகள் ‘மைக்கோ பம்ப்’ என்று சொல்வது அதன் முந்தைய இந்தியப் பெயரைத்தான். அந்த இந்திய நிறுவனம் தொடங்கியது 1951-ல். டர்போவும் புகை வடிகட்டியும் கட்டுப்பாட்டுக் கணினியும்கூடச் சில உலக நிறுவனங்களிடமிருந்தே வருகின்றன. பாரத் ஸ்டேஜ் 6-க்குப் பிறகு எஞ்சினின் விலையில் கணிசமான பங்கு அதன் புகைக்குழாய்ப் பக்கம் நகர்ந்துவிட்டது.

அண்மைய இணைப்புகளால் இந்தியாவில் எது மாறும்?

2025-ல் மூன்று நிகழ்வுகள் கவனத்துக்குரியவை. லாரியும் பேருந்தும் செய்யும் எஸ்.எம்.எல். இசுசுவின் பெரும்பான்மைப் பங்கை வாங்குவதாக மகிந்திரா ஏப்ரலில் அறிவித்தது. ஹினோவையும் ஃபூசோவையும் ஒரே நிறுவனத்தின்கீழ் கொண்டுவர டொயோட்டாவும் டைம்லரும் ஜூனில் இறுதி ஒப்பந்தம் செய்தன. பாதுகாப்புப் பிரிவு நீங்கலாக இவெகோவை 380 கோடி யூரோவுக்கு வாங்குவதாக டாடா ஜூலையில் அறிவித்தது. இவெகோவோடு அதன் எஞ்சின் பிரிவான எஃப்.பி.டி.யும் சேர்ந்து வருவதால், டாடாவின் கையில் சொந்த எஞ்சின், கம்மின்ஸ் கூட்டு எஞ்சின், எஃப்.பி.டி. எஞ்சின் என்று மூன்று வரிசைகள் அமையும். அதனால் ஜாம்ஷெட்பூர்க் கூட்டு உடனே ஆட்டம் காணும் என்று நான் நினைக்கவில்லை. ஹைட்ரஜன் எஞ்சின்கள் செய்வதற்கென்று 2024-ல் டாடாவும் கம்மின்ஸும் அங்கே புதிய ஆலையைத் திறந்திருக்கிறார்கள்.

பழைய லாரி வாங்கும்போது எஞ்சின் எதுவென்று எப்படி உறுதி செய்வது?

கேபினில் ஒட்டியிருக்கும் எழுத்தை நம்ப வேண்டாம். எஞ்சின் கட்டையில் பொறித்திருக்கும் எண்ணை ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும். பிறகு அந்த எண்ணை நிறுவனத்தின் பணிமனையில் கொடுத்தால் எஞ்சின் வகையும் தயாரிப்பு ஆண்டும் தெரியும். மெக்கானிக்கல் பம்ப் கொண்ட பழைய எஞ்சினாக இருந்தால் நல்ல பட்டறையே போதும். பாரத் ஸ்டேஜ் 6 லாரியாக இருந்தால் பிழைக் குறியீடுகளைக் கணினியில் படிக்கும் வசதி உள்ள இடத்துக்குக் கொண்டுபோய், புகை வடிகட்டியின் நிலையையும் யூரியாக் கரைசல் அமைப்பு துண்டிக்கப்படாமல் வேலை செய்கிறதா என்பதையும் பார்த்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும். இந்த அமைப்பைச் சரிசெய்யும் செலவு, எஞ்சினைப் பிரித்து வேலை பார்ப்பதற்கான செலவுக்கு நிகராகவே வந்துவிடக்கூடும்.